வயிற்றுக்குள் ஓடும் இரத்தம்: கண்டி மலைப்புறத்தில் கருப்பைக் கிழிவு

பிள்ளைப்பேற்றில் இரத்தப்போக்கு என்றதும் நனைந்த விரிப்புதான் நினைவுக்கு வரும். குழந்தை பிறந்த பின் கருப்பை சுருங்காமல் தளர்ந்துபோனால் நடப்பது அதுவே. கருப்பையே கிழிந்துபோகும்போது நிலைமை வேறு. கிழிசல் வயிற்றறைக்குள் திறக்கிறது. கீழ்வழியைக் குழந்தையின் தலை அடைத்துக்கொண்டிருக்கிறது. இரத்தம் போவதற்கு மிஞ்சியிருக்கும் வழி உட்பக்கம்தான். விரிப்பில் கையகல ஈரம் மட்டும் தெரியும் நேரத்தில் வயிற்றுக்குள் இரண்டு லீற்றர் தேங்கியிருக்கலாம். சில தாய்மார் தோள்பட்டை வலிக்கிறது என்பார்கள். உதரவிதானத்தின் கீழே சேரும் இரத்தம் அங்குள்ள நரம்பை உறுத்த, அந்த நோவு தோளில் தெரிகிறது. இடுப்பு நோவுக்கு நடுவே அந்தப் பேச்சை யாரும் பெரிதாக எடுப்பதில்லை.

நிறைமாதக் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 750 மில்லிலீற்றர் வரை இரத்தம் போய்வருகிறது. 45 கிலோ எடையுள்ள ஒரு தோட்டத்துப் பெண்ணின் உடலில், கர்ப்பகாலப் பெருக்கத்தையும் சேர்த்து, மொத்தம் ஏறக்குறைய நாலரை லீற்றர் இருக்கும். அவளுக்கு இரத்தச்சோகையும் இருந்தால் அந்த நாலரை லீற்றரின் பெறுமதி இன்னும் குறைவு. இளம் உடலுக்குத் தாக்குப்பிடிக்கும் சக்தி அதிகம் என்பதும் இங்கே ஒரு பொறி. மூன்றில் ஒரு பங்கு இரத்தம் போகும்வரை அழுத்தம் பெரிதாக இறங்காமல் இருக்கக்கூடும். இறங்கத் தொடங்கினால் சரிவு செங்குத்து. அதனால்தான் அழுத்தத்தைத் தனியே பார்க்காமல், நாடித்துடிப்பை மேல் அழுத்தத்தால் வகுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். விடை 0.9க்கு மேல் போனால் ஆபத்து தொடங்கிவிட்டது. நாடி 110, மேல் அழுத்தம் 100 என்றிருந்தால் இரண்டையும் தனித்தனியே பார்ப்பவர் திருப்தியோடு நகர்ந்துவிடுவார். வகுத்துப் பார்ப்பவர் நிற்பார்.

இந்த விடயம் பற்றிய மருத்துவ எழுத்துகளில் பெரும்பகுதி சத்திரசிகிச்சைக்கூடத்துக்குள்ளேயே நடக்கிறது: எந்தத் தையல், எந்த நாளத்தைக் கட்டுவது, கருப்பையை வைப்பதா எடுப்பதா. அவை முக்கியம்தான், கீழே அவற்றுக்கு வருகிறேன். கண்டி நகரையும் அதைச் சுற்றிய மலைகளையும் வைத்துப் பார்த்தால், தாய் பிழைப்பாளா என்பது பெரும்பாலும் அந்தக் கதவுக்கு வெளியிலேயே முடிவாகிவிடுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவள் வயிற்றில் பழைய தழும்பு இருப்பது யாருக்குத் தெரியும், நோவு தொடங்கும்போது அவள் எங்கே இருக்கிறாள் என்ற இரண்டு கேள்விகள்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

தோட்டத்து மக்கள் கண்டிச் சீமை என்று அழைத்த இந்த மலைகளில் கருப்பைக் கிழிவு புதிதல்ல. தெல்தோட்டைப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டது 1867இல். 1872இல் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவை பற்றிய சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் கண் நின்று வேலை செய்யக்கூடிய உடம்பின் மீதுதான் இருந்தது. லயத்து அறைக்குள் இரண்டு நாளாய் நோவு காணும் பெண்ணிடம் அது வந்து சேர நெடுங்காலம் பிடித்தது. சிறுவயதிலேயே சத்தில்லாமல் வளர்ந்த பெண்ணுக்கு இடுப்பெலும்பு குறுகலாக இருக்கும். குழந்தை இறங்காது. கருப்பையின் மேற்பகுதி சுருங்கிச் சுருங்கித் தடிக்க, கீழ்ப்பகுதி இழுபட்டு மெலிந்துகொண்டே போகும். இரண்டுக்கும் நடுவே வயிற்றின் குறுக்காக ஒரு பள்ளம் வெளியிலேயே தெரியத் தொடங்கும். வியன்னாவில் லுட்விக் பாண்டில் 1875இல் விவரித்த வளையம் அது. அது தெரிந்த பிறகு கிழிவுக்கு அதிக நேரமில்லை. ஐந்து, ஆறு பிள்ளை பெற்ற கருப்பையில் இன்னும் சீக்கிரம்.

இந்த வகைக் கிழிவை இலங்கை பெருமளவு ஒழித்துவிட்டது. 1930களில் இந்த நாட்டில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். 2020க்கான உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு 29. இடையில் நடந்தது பல: 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு, அதிலிருந்து கிளைத்து வீடு வீடாகப் போன மருத்துவிச்சிகள், இலவச வைத்தியம், மலேரியா ஒழிப்பு, பெண்கல்வி, பிள்ளை எண்ணிக்கை குறைந்தது. 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் வைத்தியசாலையிலேயே நடக்கின்றன. தோட்டப்புறம் இந்தப் பயணத்தில் பின்தங்கித்தான் வந்து சேர்ந்தது, ஆனாலும் வந்து சேர்ந்தது. ஒரு தாய் இறந்தால் அது குடும்ப சுகாதாரப் பணியகத்துக்கு அறிவிக்கப்பட்டு, ஊர் மருத்துவிச்சியிலிருந்து நிபுணர்வரை எல்லாரும் உட்கார்ந்து எங்கே தவறியது என்று பார்க்கும் ஏற்பாடு பல பத்தாண்டுகளாக நடக்கிறது. 

நோவின் போக்கை வரைந்து பார்க்கும் தாளையும் இங்கே சொல்ல வேண்டும். கருப்பை வாய் மணிக்கு எவ்வளவு விரிகிறது என்று கட்டம் போட்ட தாளில் குறித்து, எச்சரிக்கைக் கோடு ஒன்றும் செயல் கோடு ஒன்றும் வரையும் முறையை பில்பொட்டும் காசிலும் 1972இல் இன்றைய ஹராரேயிலிருந்து வெளியிட்டார்கள். தூரத்துச் சிறு நிலையங்களில் தனியாக நின்ற மருத்துவிச்சி, எப்போது நகரத்துக்கு அனுப்புவது என்று தானே முடிவெடுக்க உதவுவதுதான் அதன் நோக்கம். தூரமும் ஆளில்லாமையும் பெற்ற கருவி என்பதால் மலைநாட்டுக்கு அது அச்சாகப் பொருந்தியது. தாளைப் பிரசவம் முடிந்த பிறகு நிரப்பும் பழக்கமும் எல்லா ஊரிலும் உண்டு. அப்படி நிரப்பிய தாள் யாரையும் காப்பாற்றுவதில்லை.

இன்றைக்கு ஆபத்து இடம் மாறி நிற்கிறது. அடைபட்ட நோவின் இடத்தை சிசேரியன் தழும்பு பிடித்திருக்கிறது. அதே 2016 அளவீட்டின்படி இலங்கையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு குழந்தை வயிற்றைக் கிழித்தே எடுக்கப்பட்டது. தாய்மரணத்தைக் குறைத்த அதே சத்திரசிகிச்சை, அடுத்த கர்ப்பத்துக்கு ஒரு பலவீனமான தையலை விட்டுச்செல்கிறது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கணக்கில் எடுக்க வேண்டிய விலை என்கிறேன்.

தழும்புகள் எல்லாம் ஒன்றல்ல. 1916இல் நியூயார்க்கின் எட்வின் கிராகின், ஒருமுறை சிசேரியன் செய்தவளுக்கு எப்போதும் அதுதான் என்ற கருத்தை எழுதியபோது கருப்பையின் மேற்பகுதியில் நெடுக்காக வெட்டுவதே வழக்கம். அத்தகைய தழும்பு அடுத்த முறை கிழியும் வாய்ப்பு நூற்றுக்கு 4 முதல் 9 வரை. 1920களில் கிளாஸ்கோவின் மன்றோ கெர் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டும் முறையைப் பரப்பிய பிறகு அது இருநூறில் ஒன்றளவுக்கு இறங்கியது. ஐக்கிய இராச்சியத்தில் நாடளாவிய முறையில் திரட்டி 2012இல் வெளியான கணக்கு இன்னும் குறைத்துச் சொல்கிறது: தழும்போடு இயல்பான பிரசவத்துக்கு முயன்றவர்களில் ஆயிரத்துக்கு 2.1, திட்டமிட்டு மறுபடி சிசேரியன் செய்தவர்களில் ஆயிரத்துக்கு 0.3. ஒரு முறை கீழ்வெட்டு மட்டும் செய்த பெண்ணை இயல்பாகப் பெற்றெடுக்க முயலவிடுவது நியாயமானது என்று நான் நினைப்பதும் இந்த எண்களால்தான். ஒவ்வொரு சிசேரியனும் அதற்கடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி தழும்புக்குள் வேரோடும் ஆபத்தைக் கூட்டுகிறது. அதன் இரத்தப்போக்கு கருப்பைக் கிழிவைவிடக் கொடியதாகலாம். தழும்பைத் துளைத்து வளர்ந்த நஞ்சுக்கொடி நோவே வராத ஐந்தாம், ஆறாம் மாதத்திலும் கருப்பையைக் கிழித்துவிடக்கூடும்.

ஆனால் இயல்பான பிரசவத்துக்கான அந்த முயற்சி எங்கே, எப்படி நடக்கிறது என்பதில் சமரசம் கூடாது. வாஷிங்டன் மாநிலத்தில் தழும்புள்ள 20,095 பெண்களைப் பார்த்து 2001இல் வந்த ஆய்வில், நோவில்லாமல் மறுபடி சிசேரியன் செய்தவர்களில் ஆயிரத்துக்கு 1.6 பேருக்குக் கிழிந்தது. தானாக நோவு கண்டவர்களில் 5.2. மருந்து கொடுத்து நோவை வரவழைத்தபோது 7.7. அந்த மருந்து புரொஸ்டகிளாண்டின் வகையாக இருந்தபோது 24.5. கருப்பையை வற்புறுத்துவதற்கான தண்டனை இந்த ஏணியில் படிப்படியாகத் தெரிகிறது. முந்திய பிரசவத்துக்கும் இதற்கும் இடையே பதினெட்டு மாதம்கூட இல்லாவிட்டால் ஆபத்து மேலும் ஏறும்.

மிசோப்ரொஸ்டோல் பற்றித் தனியே ஒரு வார்த்தை. நிறைமாதத்தில் நோவு வரவழைக்கப் பரிந்துரைக்கப்படும் அளவு 25 மைக்ரோகிராம். சந்தையில் உள்ள மாத்திரை 200. அதாவது ஒரு முழு மாத்திரை எட்டு மடங்கு. தாயின் உயிரைக் காப்பதற்கன்றி வேறெதற்கும் கருக்கலைப்பை அனுமதிக்காத 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை இன்னும் நடைமுறையிலிருக்கும் நாட்டில், மறைவாக மாத்திரை வாங்கி நாலாம், ஐந்தாம் மாதத்தில் பாவிக்கும் பெண் தன் பழைய தழும்பைப் பற்றி யாரிடமும் கேட்கப்போவதில்லை. வைத்தியசாலைக்கு வந்த பின்னும் உண்மையைச் சொல்லப் பயப்படுவாள். அவளைக் குறுக்கு விசாரணை செய்யும் தொனியில் பேசும் ஒவ்வொரு நிமிடமும் நோயறிதலைத் தள்ளிப்போடுகிறது.

இன்னொரு பழக்கம், முக்கும் நேரத்தில் வயிற்றின் மேல் கையூன்றி அமுக்குவது. ஜேர்மானிய மருத்துவர் கிறிஸ்டெல்லர் 1867இல் இதற்கு ஒரு முறை வகுத்தார். இன்றைய வழிகாட்டுதல்கள் இதை வேண்டாம் என்கின்றன. ஆனாலும் களைத்துப்போன தாய், அவசரப்படும் அறை, பலசாலியான உதவியாளர் மூன்றும் சேர்ந்த இடங்களில் அது போய்விடவில்லை. தழும்புள்ள கருப்பையின் மேல் இதைச் செய்வதற்கு எந்த நியாயமும் கிடையாது.

கிழியும்போது என்ன தெரியும்? பாடப்புத்தகத்தில் வரும் திடீர்க் கதறலும், நோவு சட்டென்று நின்றுபோவதும், வயிற்றில் குழந்தையின் கைகால் தோலுக்கடியில் தட்டுப்படுவதும் சிலரிடமே வரும். பெரும்பாலும் முதலில் மாறுவது குழந்தையின் இதயத்துடிப்பு. அது இறங்குகிறது, மீண்டு வரவில்லை. இரண்டு நோவுக்கு நடுவிலும் வலி விடாமல் நிற்பது, பழைய தழும்பின் மேல் தொட்டால் நோவது, சிறுநீரில் இரத்தம், இறங்கியிருந்த தலை மறுபடி மேலே போய்விடுவது ஆகியவை அதற்கடுத்த அடையாளங்கள். இவற்றில் ஒன்று தழும்புள்ள பெண்ணிடம் தெரிந்தால் நிரூபணத்துக்குக் காத்திருக்கக்கூடாது. ஸ்கான் எடுத்து உறுதிசெய்துகொள்ளலாம் என்ற ஆசை நிலைகுலையாத பெண்ணுக்குச் சரி. நாடி ஓடத் தொடங்கியவளை ஸ்கான் அறைக்குத் தள்ளிக்கொண்டு போவது பிழை. லொஸ் ஏஞ்சலிஸில் 1990களில் வெளியான ஓர் ஆய்வில், குழந்தையின் இதயத்துடிப்பு நீடித்துச் சரிந்து பதினெட்டு நிமிடத்துக்குள் எடுக்கப்பட்ட குழந்தைகளே பெரிய சேதமின்றித் தப்பின.

பதினெட்டு நிமிடத்தைக் கண்டி மலைப்புறத்தின் வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். மகப்பேற்று நிபுணர், மயக்கமருந்து நிபுணர், சத்திரசிகிச்சைக்கூடம், இரத்த வங்கி நான்கும் ஒன்றாக இருக்கும் இடங்கள் பள்ளத்தாக்கில்: கண்டி தேசிய வைத்தியசாலை, பேராதனைப் போதனா வைத்தியசாலை, தெற்கே கம்பளை, நாவலப்பிட்டி. கலஹா, தெல்தோட்டை போன்ற ஊர்களின் பிரதேச வைத்தியசாலைகளில் மருத்துவரும் கட்டிலும் மருந்தும் உண்டு. வயிற்றைத் திறக்க வேண்டுமானால் கீழே இறங்கியாக வேண்டும். ஹேவாஹெட்டையிலிருந்து, மடுல்கலையிலிருந்து, ரங்கலையிலிருந்து, பதினெட்டு வளைவுக்கு இப்பால் உடுதும்பறையிலிருந்து நகரத்துக்கு வருவது பகலில், மழையில்லாத நாளில்கூட நிமிடங்களில் எண்ணும் பயணமல்ல. அதற்கு முன் தோட்டத்துப் பாதை இருக்கிறது. மேல் டிவிஷனிலிருந்து தார்ச்சாலைக்கு இறங்கக் கொழுந்து லொறிதான் கிடைக்கும் என்ற நிலை பல இடங்களில் இன்னும் மாறவில்லை. 2016இல் இந்திய நன்கொடையோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2019க்குள் நாடெங்கும் விரிந்த, 1990 என்ற அழைப்பெண் கொண்ட சுவசெரிய அம்புலன்ஸ் பெரிய மாற்றம். ஆனால் அது வந்து நிற்பது தார்ச்சாலையின் விளிம்பில். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்து மலைகளைச் சரித்தபோது அந்தத் தார்ச்சாலையும் பல இடங்களில் இல்லாமல் போனது.

ஆகவே தழும்புள்ள பெண்ணுக்கு இரத்தப்போக்கைத் தடுக்கும் முதல் நடவடிக்கை மருந்தோ தையலோ அல்ல, இருப்பிடம். நாள் நெருங்குமுன்பே அவளை நகரத்து வார்டில் சேர்த்துவிடும் வழக்கம் இலங்கையில் உண்டு. கிளினிக்கில் மருத்துவிச்சி பேணும் கர்ப்பகால அட்டையில் முந்திய சிசேரியன் ஆபத்துக் குறியோடு எழுதப்படுகிறது. அட்டையில் எழுதுவது வேறு, அந்தப் பெண் முப்பத்தெட்டாம் வாரத்தில் மூட்டை கட்டிக்கொண்டு வருவது வேறு. வந்தால் நாட்சம்பளம் ஒருபுறம் போகும். மூத்த பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். கட்டிலை இன்னொருத்தியோடு பகிர வேண்டியிருக்கலாம். அங்கே தாதிமாரில் பலருக்குத் தமிழ் வராது. வலி எப்படிப்பட்டது, எங்கே தொடங்கியது என்று விளக்கத் தெரியாமல் அவள் வாயடைத்திருப்பாள். போன முறை சுகமாகத்தானே முடிந்தது என்று மாமியார் சொல்வதும் காதில் விழும். இவற்றையெல்லாம் அறியாமை என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடும் சுகாதாரக் கட்டுரைகளோடு எனக்கு உடன்பாடில்லை. அவள் கணக்குப் போட்டுத்தான் வீட்டில் இருக்கிறாள். அந்தக் கணக்கில் இழப்பீடு, மொழி, தங்குமிடம் ஆகியவற்றை மாற்றினால்தான் விடை மாறும்.

இனி வைத்தியசாலை வாசலுக்கு வருவோம். ஐயம் எழுந்த கணத்தில் பல வேலைகள் ஒன்றாகத் தொடங்க வேண்டும். தனியாக ஒருவர் வரிசையாகச் செய்து முடிப்பதற்குள் நேரம் போய்விடும். உரக்கக் கூப்பிட்டு ஆள் சேர்ப்பதே முதல் சிகிச்சை. இரண்டு கையிலும் பருமனான ஊசிக்குழாய், ஒட்சிசன், சிறுநீர் வடிகுழாய், இரத்த வகைக்கும் உறைதலுக்கும் மாதிரி, கம்பளி. கம்பளி அற்பமாகத் தோன்றலாம். குளிர்ந்த உடலில் இரத்தம் சரியாக உறையாது; மலைநாட்டு இரவில் லொறியில் நனைந்து வந்தவள் ஏற்கெனவே குளிர்ந்திருப்பாள். குளிர்ந்த சேலைனை லீற்றர் லீற்றராக ஏற்றினால் மிஞ்சியிருக்கும் உறைபொருளும் நீர்த்துப்போகும். சேலைன் இரத்தம் வரும்வரைக்கான பாலம் மட்டுமே.

டிரானெக்சாமிக் அமிலம் ஒரு கிராம், பத்து நிமிடத்தில். 1962இல் ஜப்பானில் உட்டாகோ ஒக்கமோட்டோவும் அவர் கணவர் ஷோசுக்கேயும் உருவாக்கிய இந்த மலிவான மருந்து, 20,060 பெண்களிடம் நடத்தி 2017இல் வெளியான உலகளாவிய சோதனையில், பிரசவத்துக்குப் பிந்திய இரத்தப்போக்கால் வரும் மரணத்தைக் குறைத்தது. மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தவர்களில் இறப்பு 1.2 சதவீதம், கொடுக்காதவர்களில் 1.7. பிந்தினால் பலனில்லை. கிழிந்த நாளத்தை அது மூடாது. ஆனால் உறைந்த இரத்தக்கட்டி கரைவதைத் தடுத்து நேரம் வாங்கித் தரும். பிரதேச வைத்தியசாலையிலேயே, அம்புலன்ஸ் ஏறுமுன், கொடுத்துவிடக்கூடியது என்பதால் மலைப்புறத்துக்கு இதன் பெறுமதி இரட்டிப்பு.

தளர்ந்த கருப்பைக்கு நன்மை செய்யும் வேறு சில இங்கே பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பங்களாதேஷின் சயீபா அக்தர் 2003இல் வெளியிட்ட ஆணுறைப் பலூன் தெற்காசியாவில் எத்தனையோ தாய்மாரைக் காத்தது. கிழிந்த கருப்பைக்குள் பலூன் ஊதினால் அது கிழிசலை விரித்துக்கொண்டு வயிற்றுக்குள் போகும். குழந்தை இன்னும் உள்ளே இருக்கும்போது ஒக்சிடோசின் ஏற்றுவது கிழிசலைப் பெரிதாக்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்த வேண்டும். பிரசவத்துக்குப் பின் மருந்துக்கெல்லாம் மசியாத இரத்தப்போக்கு, சுருங்கிய கருப்பையோடு சேர்ந்து வந்தால், தளர்ச்சி என்று எண்ணிப் பலூனைத் தேடுமுன் கிழிவை நினைக்க வேண்டும்.

இரத்தம் விடயத்தில் இலங்கைக்கு ஒரு பலம் உண்டு. 2014 முதல் நாட்டின் இரத்த வங்கிச் சேவை முழுவதும் தன்னார்வக் கொடையாளரை நம்பியே இயங்குகிறது. உறவினரை ஓடி ஆள் தேடச் சொல்லும் காட்சி இங்கே இல்லை. வகை பார்க்க நேரமில்லாதபோது ஓ நெகட்டிவ் கேட்பார்கள். ஆர்எச் நெகட்டிவ் உள்ளவர் இந்த நாட்டில் சிலரே என்பதால் அந்தப் பை எண்ணிக்கையும் சிறிதே. செவ்வணுக்களை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் உறைபொருள் இல்லாத இரத்தம்தான் உடலில் ஓடும். பிளாஸ்மாவும் பிளேட்லெட்டும் கூடவே போக வேண்டும். பைப்ரினோஜன் லீற்றருக்கு 2 கிராமுக்குக் கீழே இறங்கினால் இரத்தப்போக்கு மோசமாகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான முன்னறிவிப்பு இல்லை. ஆய்வுகூட விடை வருமுன் அறிய ஒரு பழைய வழி: சாதாரணக் கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லிலீற்றர் இரத்தம் எடுத்து உள்ளங்கைச் சூட்டில் வைத்துப் பாருங்கள். ஏழு நிமிடத்தில் கெட்டியான கட்டி விழாவிட்டால் உறைதல் குலைந்துவிட்டது. செலவில்லாத இந்தச் சோதனை எந்தச் சிற்றூர் வைத்தியசாலையிலும் முடியும்.

இன்னொன்றும் எங்கும் முடியும்: பெருநாடியை அமுக்குவது. தொப்புளுக்குச் சற்று மேலே, இடப்பக்கமாக, முஷ்டியால் முதுகெலும்பை நோக்கி ஊன்றி அழுத்தினால் கீழுடலுக்குப் போகும் இரத்தம் தடைபடும். தொடை மடிப்பில் நாடி அடங்கினால் அமுக்குவது சரியாக இருக்கிறது. வயிறு பெருத்திருக்கையில் இது சுலபமல்ல. குழந்தை வெளிவந்த பின் சுலபம். வயிற்றைத் திறந்த பிறகோ, நிபுணர் கிழிசலைத் தேடுமுன் உதவியாளரின் கை நேரே பெருநாடியின் மேல் போய்விடலாம். இரத்தக் குளத்துக்குள் கண்மூடித்தனமாக இடுக்கி போடுவதைவிட, இரண்டு நிமிடம் அமுக்கிப் பிடித்து மயக்கமருந்து நிபுணர் இரத்தம் ஏற்ற விடுவது மேல். கருவியே தேவைப்படாத இந்த வித்தை பயிற்சிகளில் இன்னும் கூடுதல் இடம் பெற வேண்டும் என்பேன். தோட்டத்து வைத்திய உதவியாளர் முதல் அம்புலன்ஸ் ஊழியர்வரை இதைக் கையால் செய்து பழகியிருக்க வேண்டும்.

வயிறு திறந்ததும் குழந்தையும் நஞ்சுக்கொடியும் எடுக்கப்படும். கருப்பை வெளியே தூக்கி வைக்கப்படும். கிழிசலின் ஓரங்களை அகலமான இடுக்கிகளால் பிடித்துப் பார்த்தால் அது எதுவரை போகிறது என்று தெரியும். தழும்பிலேயே நேராகத் திறந்திருந்தால் தைத்துவிடலாம். பக்கவாட்டில் போய்க் கருப்பை நாளத்தைக் கிழித்திருந்தால் இரத்தம் அகன்ற தசைநாரின் மடிப்புக்குள் புகுந்து வீங்கியிருக்கும்; சிறுநீர்க் குழாய் அதற்குள் எங்கேயோ ஓடும். முன்பக்கம் போயிருந்தால் சிறுநீர்ப்பையும் சேர்ந்து கிழிந்திருக்கலாம். பின்பக்கக் கிழிவு தேடாவிட்டால் தெரியவே தெரியாது. கருப்பை நாளத்தைக் கட்டுவது, அது போதாவிட்டால் உட்புற இடுப்பு நாளத்தைக் கட்டுவது என்று படிகள் உண்டு. இரண்டாவது அடிக்கடி செய்து பழகாத கைக்கு ஆபத்தானது, நடுவிலே கற்றுக்கொள்ளும் விடயமும் அல்ல. 1997இல் சியெரா லியோன் வழிவந்த கிறிஸ்டபர் பி-லிஞ்ச் இங்கிலாந்திலிருந்து வெளியிட்ட அமுக்குத் தையல், கிழிசலைத் தைத்த பின்னும் கருப்பை தளர்ந்தால் கைகொடுக்கும்.

கருப்பையை எடுத்துவிடுவதா என்ற முடிவுதான் எல்லாவற்றிலும் கனமானது. இத்தாலியின் பவியாவில் எடுவர்டோ போர்ரோ 1876இல் சிசேரியனோடு கருப்பையையும் எடுத்து ஒரு தாயை உயிரோடு வீட்டுக்கு அனுப்பினார். சிசேரியன் செய்தால் தாய் சாவாள் என்றே பொதுவாக எண்ணிய காலத்தில் அது பெரிய திருப்பம். இன்றைய நிலையில் தவறு பெரும்பாலும் எடுத்ததில் இல்லை, தாமதித்து எடுத்ததில் இருக்கிறது. முதல் பிள்ளை, வயது இருபத்திரண்டு, அந்தப் பிள்ளையும் போய்விட்டது. இந்நிலையில் இன்னொரு தையல், இன்னொரு தையல் என்று போவதன் பின்னே இரக்கம்தான் இருக்கிறது. அந்த இரக்கத்துக்குள் இரத்தம் ஒன்றரை மடங்கு மாறியிருக்கும். கருப்பை வாயை விட்டுவிட்டு மேற்பகுதியை மட்டும் எடுப்பது விரைவானது, சிறுநீர்க் குழாய்க்கும் பாதுகாப்பானது. கிழிவு கீழே வாய்வரை போயிருந்தால்தான் முழுவதும் எடுக்க வேண்டும். அப்போதும் நில்லாமல் எங்கெங்கோ கசிந்துகொண்டிருந்தால், துணி அடைத்து வயிற்றைத் தற்காலிகமாக மூடி, தீவிர சிகிச்சைப் பிரிவில் சூடேற்றி இரத்தத்தைச் சரிசெய்து, ஒரு நாள் கழித்துத் திறப்பது தோல்வியல்ல.

இங்கே சம்மதம் என்ற விடயம் வருகிறது. மலையகத்தில் அதற்கு வரலாற்றின் கசப்பும் உண்டு. 1980இல் தொடங்கி அரசு கருத்தடைச் சத்திரசிகிச்சைக்குப் பணம் கொடுத்தது. தோட்டப் பெண்களிடையே அந்தச் சத்திரசிகிச்சை வழக்கத்துக்கு மேல் பரவியிருந்தது பற்றிய சந்தேகம் இன்றும் குடும்பங்களின் நினைவில் இருக்கிறது. 2019இல் பக்கத்துக் குருநாகலில் சிசேரியன் செய்த ஒரு முஸ்லிம் மருத்துவர் மீது இரகசியக் கருத்தடைக் குற்றச்சாட்டு எழுந்து, பிறகு ஆதாரம் கிடைக்கவில்லை என்று குற்றப் புலனாய்வினர் நீதிமன்றத்தில் சொன்னார்கள். இந்தப் பின்னணியில், இரவு இரண்டு மணிக்குக் கணவனிடம் சிங்களத்தில் அச்சிட்ட தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குவது சம்மதமாகாது. தழும்புள்ள பெண்ணுக்குக் கிளினிக்கிலேயே, நோவுக்கு வாரங்களுக்கு முன்பே, அவளுக்குப் புரியும் தமிழில் சொல்லியிருக்க வேண்டும்: கிழிந்தால் உயிரைக் காக்கக் கருப்பையை எடுக்க நேரலாம் என்று. பிறகு ஏன் எடுத்தோம் என்று விளக்கவும் ஒருவர் வார்டுக்கு வர வேண்டும். அவளிடமே பேச வேண்டும், அவள் கணவனிடம் மட்டுமல்ல.

கருப்பையைத் தைத்து வைத்துக்கொண்டவள் மறுபடி கருத்தரிக்கலாம். முந்திய கிழிவு கீழ்ப்பகுதியோடு நின்றிருந்தால் மறுபடி கிழியும் வாய்ப்பு நூற்றுக்கு ஆறளவு. மேற்பகுதிக்குப் போயிருந்தால் மூன்றில் ஒன்று. இரண்டிலும் அவளை நோவு வரவே விடாமல், முப்பத்தாறாம் முப்பத்தேழாம் வாரத்திலேயே சிசேரியன் செய்கிறார்கள். அந்த வாரத்தைத் தீர்மானிப்பவர் வேறொரு மருத்துவராக, வேறொரு வைத்தியசாலையில் இருப்பார். அவர் கையில் இருக்கப்போவது வீட்டுக்கு விடும்போது கொடுத்த டயக்னோசிஸ் காட் மட்டும்தான். வெட்டு எந்தத் திசையில், கிழிவு எதுவரை, எத்தனை படலத்தில் தைத்தது, எந்த நாளம் கட்டப்பட்டது என்ற நான்கு வரியும் அதில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். கூரை ஒழுகும் லயத்து அறையில் அந்தக் காட் இரண்டு, மூன்று ஆண்டு நனையாமல் இருக்க வேண்டும் என்பதால், பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒரு பிரதியை மருத்துவிச்சியின் கோப்பிலும் வைத்துவிடலாம்.